துரு பிடித்த ஸ்டீயரிங் பாகம் கழன்று வரவில்லையா? பழைய பிக்கப்புக்கு அறிகுறி பார்த்து வழி

மலேசியாவின் பேராக்கில் ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கம் ஓடும் பழைய பிக்கப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்ஜின் ஓடும், கியர் விழும், ஏசிகூட வேலை செய்யும். ஆனால் முன் சக்கரங்களுக்கு நடுவே குனிந்து பார்த்தால் எது நட்டு, எது மண் என்று பிரித்துச் சொல்ல முடியாது. கடலோரக் களிமண் ஒரு காரணம், அலை ஏறும்போது உப்பேறும் வாய்க்கால் தண்ணீர் இன்னொன்று. கடலோரத் தோட்டங்கள் சிலவற்றில் மண்ணிலேயே அமிலம் உண்டு. தண்ணீரை வடித்துச் செம்பனை நட்டதும் மண்ணுக்குள் இருந்த கந்தகச் சேர்மம் காற்றுப்பட்டு அமிலமாகிவிடும். இவை போதாதென்று பின்னால் ஏற்றும் உர மூட்டை வேறு. நாம் பொட்டாஷ் என்று தூக்கிப் போடுவது பொட்டாசியம் குளோரைடு. மூட்டை ஓட்டை வழியாகச் சிந்தும் தூள் மழையில் கரைந்து சேசிஸ் முழுக்க இறங்கினால், கடல் தண்ணீரில் நிறுத்திய வண்டிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இங்கே சொல்வது ஸ்டீயரிங் பாக்ஸ் வைத்த பழைய வண்டிகளுக்கு: வீகோ வருவதற்கு முந்தைய ஹைலக்ஸ், பழைய ஃப்ரண்டியர், ஸ்டோர்ம் போன்றவை. வீகோ முதல் பாக்ஸுக்குப் பதிலாக ராக் அண்ட் பினியன் (பல் வெட்டிய கம்பி) வந்துவிட்டது. அதில் டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் தண்டின் நுனியில் உள்ள பந்து மூட்டு) வரைக்கும் இதே கதைதான், அதற்கு மேல் வேறு. நம் ஊரில் ஸ்டீயரிங் வலப்பக்கம் என்பதால் பாக்ஸும் அதன் தண்டில் மாட்டிய கையான பிட்மேன் ஆர்மும் வலப்பக்கம் இருக்கும், எதிர்முனையைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம் இடப்பக்கம், இரண்டையும் இணைப்பது சென்டர் லிங்க். அதிலிருந்து இரண்டு டை ராடுகள் சக்கரங்களுக்குப் போகும். முன்பக்கம் முழு ஆக்சில் வைத்த பழைய ஃபோர் வீல்களில் ஐட்லர் இருக்காது. பிட்மேனிலிருந்து ஒரு டிராக் லிங்க், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஒரு நீள டை ராட், அவ்வளவுதான்.

சாவியைக் கையில் எடுக்கும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். இந்தப் பாகம் குப்பைக்குப் போகிறதா, திரும்பப் போடப் போகிறோமா? அது எங்கே பிடித்துக்கொண்டிருக்கிறது: மரையிலா, கூம்பிலா, ஸ்ப்லைன் பல்லிலா (தண்டைச் சுற்றி நீளவாக்கில் வெட்டிய பல்), அல்லது துளைக்குள் நிற்கும் போல்ட்டின் உடம்பிலா? குப்பைக்குப் போவதை வெட்டலாம், எரிக்கலாம், எப்படி வேண்டுமானாலும் அடிக்கலாம். திரும்பப் போடுவதை அப்படிச் செய்ய முடியாது. பிடிக்கும் இடம் தெரியாமல் அடிப்பவர்தான் பத்து வெள்ளி நட்டுக்காக ஸ்டீயரிங் பாக்ஸையே கெடுத்துக்கொள்கிறார்.

முதலில் எது தேய்ந்தது என்று உறுதி செய்யுங்கள்

ஸ்டீயரிங் ஆட்டம் அதிகம் என்றதும் எல்லா மூட்டையும் கழற்ற வேண்டியதில்லை. வண்டி தரையில் நிற்கட்டும், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, கை பிரேக், நியூட்ரல். இன்ஜினை ஓடவிட்டு ஒருவரை உள்ளே உட்கார வையுங்கள். "தம்பி, மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டு, நிறுத்தாதே" என்று சொல்லிவிட்டு நீங்கள் கீழே பாருங்கள். ஒவ்வொரு மூட்டின் மேலும் கையை வையுங்கள், இடுக்கில் விரலை விடாதீர்கள். தண்டு முதலில் அசைந்து, அதோடு இணைந்தது தாமதமாக அசைந்தால் அந்த மூட்டு போய்விட்டது. சென்டர் லிங்க் பக்கவாட்டில் போகாமல் மேலும் கீழும் குதித்தால் ஐட்லர் புஷ் தேய்ந்தது. ஸ்டீயரிங் தண்டு திரும்பியும் பிட்மேன் ஆர்ம் உடனே திரும்பாவிட்டால் ஆட்டம் பாக்ஸுக்குள்.

ஆட்டமே இல்லை, ஸ்டீயரிங்தான் இறுக்கமாக இருக்கிறது, வளைவு முடிந்ததும் தானாக நேருக்குத் திரும்பவில்லை என்றால் பெரும்பாலும் தேய்மானம் அல்ல, துரு. இன்ஜின் அறைக்குள் இறங்கும் ஸ்டீயரிங் தண்டின் யுனிவர்சல் மூட்டை முதலில் பாருங்கள். பலர் டை ராட் எல்லாம் மாற்றிய பிறகுதான் அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

கழுவுங்கள், பிறகுதான் எண்ணெய்

மண்ணின் மேல் எண்ணெய் அடித்தால் மண்தான் குடிக்கும். கார் கழுவும் கடையில் கொடுத்து அடிப்பக்கம் முழுக்கப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். காய்ந்ததும் கம்பி பிரஷால் மரை பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரைதான் முக்கியம். அதில் துரு கட்டியிருந்தால் நட்டு பாதி தூரம் வந்து மறுபடி இறுகும்.

டபிள்யூடி-40 டின் இல்லாத வீடே நம் ஊரில் கிடையாது. அது 1953-இல் தண்ணீரை வெளியேற்றுவதற்காக உருவானது. பெயரில் உள்ள 40 நாற்பதாவது முயற்சியைக் குறிக்கிறது. லேசான துருவுக்குப் போதும், இறுகிய மரைக்குள் ஊடுருவ அதைவிட நல்ல எண்ணெய்கள் கடையில் கிடைக்கின்றன. கியர் எண்ணெயும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து விடுபவர்களும் உண்டு. ஆட்டோ கியருக்கு ஊற்றும் ஏடிஎஃப் எண்ணெய்தான் அதற்கு ஏற்றது. நன்றாகவே வேலை செய்யும், ஆனால் நின்றால் பிரிந்துவிடும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். சிகரெட் பிடித்துக்கொண்டு செய்யும் வேலையும் அல்ல. எதை அடித்தாலும் நேரம் கொடுங்கள். இன்று மாலை அடித்து, இரவு படுக்கும் முன் இன்னொரு தடவை, காலையில் இன்னொரு தடவை. நடுவே சுத்தியலால் லேசாகத் தட்டிவிட்டால் அதிர்வில் எண்ணெய் இன்னும் உள்ளே இறங்கும்.

வண்டியைத் தூக்கியதும் ஸ்டாண்டை சேசிஸுக்கு அடியில் வையுங்கள். பால்மரக் கட்டை, ஹாலோ பிளாக் எதுவும் வேண்டாம். கீழே படுத்துக்கொண்டு நாலு பவுண்டு சுத்தியல் வீசப் போகிறீர்கள், வண்டி அசையும்.

கழற்றும் முன் அளவெடுங்கள். டை ராட்டின் ஒரு எண்ட் நடுவிலிருந்து மறு எண்ட் நடு வரை எவ்வளவு நீளம், குழாய்க்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று எழுதிவையுங்கள். பெயிண்ட் பேனாவால் கோடு போட்டு, கைப்பேசியில் ஒரு படமும் எடுங்கள். இந்த அளவு இருந்தால் வேலை முடிந்ததும் அலைன்மென்ட் கடைவரை வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம். இல்லாவிட்டால் டோ டிரக்தான்.

கோட்டர் பின்னே வரவில்லை

இதற்கு அதிக நேரம் செலவிடாதீர்கள். மடித்த கால் இரண்டையும் நட்டோடு ஒட்டி வெட்டிவிட்டு, மெல்லிய பஞ்சால் பின்பக்கத்திலிருந்து தட்டுங்கள். வராவிட்டால் விடுங்கள். பின் மென்மையான இரும்பு. நீளமான கைப்பிடி போட்டு நட்டைத் திருப்பினால் பின் தானாக அறுந்துவிடும். டை ராட் எண்ட் குப்பைக்குப் போகிறது என்றால் மரை கெட்டாலும் கவலையில்லை. திரும்பப் போடும் பாகம் என்றால் மட்டும் பொறுமையாக டிரில் போட்டு எடுங்கள்.

பின் இருந்த துளையில் முள்வேலிக் கம்பியோ வளைத்த ஆணியோ இருந்தால் முன்னால் கழற்றியவர் யார் என்று கேட்க வேண்டாம். மற்ற நட்டுகளையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

நட்டு அசையவே இல்லை

பன்னிரண்டு முனை சாக்கெட்டை வைத்துவிட்டு ஆறு முனை சாக்கெட்டை எடுங்கள். துருவில் முனை தேய்ந்த நட்டுக்குப் பன்னிரண்டு முனை போட்டால் ஒரே இழுப்பில் உருண்டையாகிவிடும். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இம்மி திருப்புங்கள், பிறகு தளர்த்தும் பக்கம். "டக்" என்று ஒரு சத்தம் வந்தால் துருவின் பிடி விட்டது என்று அர்த்தம். அதன் பிறகு ஒரே மூச்சில் கழற்றாதீர்கள். கால் சுற்று பின்னால், அரைக்கால் சுற்று முன்னால், இடையே எண்ணெய். துருத் தூள் மரைக்குள் சேர்ந்து மறுபடி இறுகாமல் இருக்க இதுதான் வழி.

நட்டு ஏற்கெனவே உருண்டையாகிவிட்டதா? ஒரு அளவு சிறிய ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றிப் பாருங்கள். அதுவும் வழுக்கினால் நட்டு பிளக்கும் கருவி, அல்லது கிரைண்டரால் ஒரு பக்கம் மரைக்கு மேல்வரை வெட்டி உளியால் பிளப்பது. நட்டு வேறு விலைக்கு வாங்கலாம், டை ராட் எண்ட் உட்காரும், சக்கரத்தைத் திருப்பும் நக்கிள் ஆர்ம் அப்படி இல்லை. கிரைண்டர் தட்டு அந்தப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போடுங்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நட்டு சுற்றுகிறது, தண்டும் கூடவே சுற்றுகிறது

இது பலரைப் பைத்தியமாக்கும் கோளாறு. காரணம் எளிது: கூம்பு ஏற்கெனவே தளர்ந்துவிட்டது, நட்டு மட்டும் மரையில் இறுகியிருக்கிறது. அதனால் தண்டைப் பிடிக்க எதுவும் இல்லை. கூம்பை மறுபடி உட்கார வைத்தால் போதும். பந்து மூட்டின் அடியில் ஒரு சின்ன ஜாக்கை வைத்து, கூம்பு உள்ளே இறுகும் திசையில் அழுத்துங்கள். தண்டு கீழ்நோக்கி நிற்கும் மாடல் என்றால் மேலிருந்து கடப்பாரையால் அழுத்த வேண்டும். அழுத்தியபடியே நட்டைத் திருப்புங்கள். பேட்டரி இம்பாக்ட் கன் இருந்தால் இன்னும் நல்லது. அதன் சடசட அடிக்குத் தண்டு கூடவே சுற்ற நேரம் கிடைக்காது. சில தண்டுகளின் நுனியில் ஆறு முனைக் குழி இருக்கும், அதில் ஆலன் சாவி போட்டுப் பிடிக்கலாம். ஆனால் துருவில் அந்தக் குழி கரைந்திருந்தால் நம்ப வேண்டாம்.

எதுவுமே ஒத்துவரவில்லையா? நட்டையே வெட்டிவிடுங்கள். எப்படியும் குப்பைக்குப் போகும் எண்ட்தானே.

நட்டு வந்துவிட்டது, மூட்டு இறங்க மறுக்கிறது

இந்த வேலையில் முக்கால்வாசி நேரம் போவது இங்கேதான், முக்கால்வாசி பாகம் கெடுவதும் இங்கேதான். டை ராட் எண்டின் தண்டு நேர் உருளை அல்ல, கூம்பு. நக்கிள் ஆர்மின் துளையும் அதே கூம்பு. நட்டை இறுக்கும்போது ஆப்பு மாதிரி உள்ளே ஏறி உட்கார்ந்துவிடும். நட்டைக் கழற்றினாலும் ஆப்பு இறங்காது. அதன் மேல் பல வருஷத் துரு வேறு. துரு தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், அதனால் அந்த இடுக்கு நாளாக நாளாக இறுகிக்கொண்டே போகும்.

முதலில் கையும் சுத்தியலும் போகும் இடம் தண்டின் நுனி. அங்கே அடிக்காதீர்கள். நுனி காளானாக மலரும், மரை போகும், அடியின் பலமெல்லாம் பந்து மூட்டுக்குள் போய் வீணாகும். அடிக்க வேண்டியது தண்டை அல்ல, தண்டு உட்கார்ந்திருக்கும் கண்ணின் பக்கவாட்டை. நட்டை முழுதாகக் கழற்றாமல் இரண்டு மூன்று மரையில் நிற்கவிடுங்கள், மூட்டு விழும்போது முகத்தில் அடிக்காது. நக்கிள் ஆர்ம் கண்ணின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டை கொடுத்துப் பிடித்து, எதிர்ப்பக்கம் அதே கனத்து இன்னொரு சுத்தியலால் ஓங்கி ஒன்று. மெதுவாகப் பத்துத் தட்டுவதைவிட உறுதியாக ஒன்று அடிப்பது மேல். அந்த ஒரு நொடியில் வட்டத் துளை முட்டை வடிவமாக நெளிந்து, கூம்பின் பிடி விட்டுவிடும். விடும்போது எண்ட் படக்கென்று கீழே விழும், இல்லாவிட்டால் அடியின் சத்தம் மாறும். கிண்ணென்று இருந்த ஒலி சப்பென்று ஆகிவிட்டால் கூம்பு தளர்ந்துவிட்டது, இனி அடிக்க வேண்டாம்.

அடிக்கு மட்டும் அசையாவிட்டால் இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரை மாட்டி நன்றாக இறுக்கிவிட்டு, அந்த இறுக்கத்திலேயே கண்ணின் பக்கவாட்டில் அடியுங்கள். இழுவையும் அதிர்வும் சேர்ந்தால் வராத கூம்பு அபூர்வம். புல்லரை மட்டும் நம்பி இறுக்கிக்கொண்டே போனால் புல்லரின் வாய் பிளக்கும். மலிவு புல்லர் என்றால் அது கண்டிப்பாக நடக்கும்.

இரண்டு பல் கவை ஒன்று கடையில் கிடைக்கும், ஆப்பாக இடையில் செருகி அடிப்பது. வேகமான கருவிதான், ஆனால் ரப்பர் கவரைக் கிழிக்காமல் அது வேலை செய்ததில்லை. எண்டைத் தூக்கிப் போடப் போகிறீர்கள் என்றால் தாராளமாக அடியுங்கள். சென்டர் லிங்க்கைக் கழற்றி மறுபடி போடும் வேலை என்றால் கவையைத் தொடாதீர்கள். கவர் கிழிந்த மூட்டுக்குள் சேறு போனால் அதன் ஆயுள் ஒரு மழைக்காலம்.

சில பழைய முழு ஆக்சில் வண்டிகளில் டிராக் லிங்க் நுனியில் கூம்புத் தண்டே இருக்காது. குழாயின் முனையில் ஒரு பெரிய திருகு மூடி, அதன் குறுக்கே ஒரு கோட்டர் பின், உள்ளே ஸ்பிரிங்கும் பந்தைக் கவ்வும் கிண்ணங்களும். அங்கே புல்லருக்கு வேலையில்லை. மூடியின் வெட்டில் பொருந்தும் தடித்த பட்டை இரும்பை வைத்து ஸ்பானரால் திருப்ப வேண்டும். உள்ளிருந்து வரும் பாகங்களை வந்த வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கிவையுங்கள். ஸ்பிரிங் எந்தப் பக்கம் என்று பிறகு ஊகிப்பது தலைவலி.

நெருப்பு எப்போது

எண்ணெயும் அடியும் தோற்றால் சூடு. 20 மி.மீ. துளையை 300 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் அது 0.07 மி.மீ. விரியும். கேட்டால் அற்பம், துருவின் பிடியை உடைக்க அது போதும். ஆனால் வெளியே இருப்பது மட்டும் சூடேற வேண்டும், உள்ளே இருப்பது குளிர்ந்தே இருக்க வேண்டும். அதனால் கேஸ் டார்ச்சை நட்டின் மேலோ குழாயின் மேலோ சுற்றிச் சுற்றிக் காட்டி, வேகமாகச் சூடேற்றி, உடனே திருப்புங்கள். இன்னொரு தந்திரம்: சூடான நட்டின் ஓரத்தில் மெழுகுவத்தியை ஒற்றினால் உருகிய மெழுகு மரைக்குள் தானாக இழுத்துக்கொண்டு போகும், ஆறியதும் திருப்பிப் பார்க்கலாம்.

மூடிய பந்து மூட்டைச் சூடாக்காதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் கொதித்து, அடித்தட்டு தோட்டா மாதிரி பறக்கும். திரும்பப் போடப் போகும் நக்கிள் ஆர்மையோ பிட்மேன் ஆர்மையோ சிவக்கச் சிவக்கக் காய்ச்சாதீர்கள். கம்பெனியில் கொடுத்த பதம் போய்விடும், பிறகு அது வளையும் அல்லது ஒடியும். பிரேக் குழாய், பவர் ஸ்டீயரிங் ஹோஸ் பக்கத்தில் இருந்தால் ஈரத் துணியும் தகரமும் வைத்து மறையுங்கள். சற்று முன் பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்புக் காட்டவே கூடாது. குளோரின் சேர்ந்த கிளீனர்கள் சூட்டில் நச்சு வாயுவாக மாறும், அது விளையாட்டு அல்ல. தீயணைப்பு சிலிண்டர் இல்லாவிட்டால் தண்ணீர்க் குழாயாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

டை ராட் குழாய் திரும்பவில்லை

எண்ட் சக்கரத்திலிருந்து விடுபட்டது, ஆனால் குழாயிலிருந்து பிரியவில்லை. முதலில் திசையைக் கவனியுங்கள். குழாயின் ஒரு பக்கம் வழக்கமான மரை, மறுபக்கம் எதிர் மரை. குழாயைத் திருப்பினால் இரண்டு எண்டும் ஒரே நேரத்தில் உள்ளே போகவும் வெளியே வரவும் இப்படி வைத்திருக்கிறார்கள். தளர்த்துகிறோம் என்று நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். வெளியே தெரியும் மரையின் சாய்வைப் பார்த்து முடிவெடுங்கள்.

நடுவே வெட்டு உள்ள குழாய் என்றால் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தினால் மட்டும் போதாது. கிளாம்பே துருவில் குழாயோடு ஒட்டியிருக்கும், அதைத் தட்டித் தள்ளுங்கள். பிறகு வெட்டுக்குள் எண்ணெய் ஊற்றி, தட்டையான உளியை மெல்ல இறக்கி ஒரு தலைமுடி அளவு விரியுங்கள். அப்புறம் பைப் ரெஞ்ச். லாக் நட்டு வகை என்றால் நட்டை முதலில் சூடாக்கிப் பிரித்துவிட்டு, பிறகு எண்டைத் திருப்ப வேண்டும்.

குழாயும் எண்டும் சேர்ந்தே கிடைத்தால் முழு செட்டாக வாங்கிவிடுவதுதான் என் கட்சி. இறுகிய குழாயோடு ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டி மிச்சம் பிடிக்கும் காசு, ஒரு டின் எண்ணெய்க்கும் கேஸுக்கும் போய்விடும். ஆனால் எந்த நிலையிலும் "வெல்டிங் அடிச்சு விட்டுடலாம் அண்ணே" என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். டை ராடில் வெல்டிங் போட்டு ஓட்டும் வண்டி எந்த வளைவில் சொன்ன பேச்சைக் கேட்காமல் போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

பிட்மேன் ஆர்ம் புல்லருக்கும் அசையவில்லை

இது மற்றதைப்போல் வட்டக் கூம்பு அல்ல, ஸ்ப்லைன் பற்களும் கூம்பும் சேர்ந்தது. பாக்ஸிலிருந்து கீழே இறங்கும் தண்டில் உட்கார்ந்திருக்கும். நட்டைத் தொடும் முன் ஆர்மிலும் தண்டிலும் சேர்த்து ஒரு கோடு வெட்டுங்கள். சில மாடல்களில் தவறான நிலையில் ஏறாதபடி சில பற்களை அகலமாக வைத்திருப்பார்கள், எல்லாவற்றிலும் இல்லை. ஒரு பல் தள்ளி மாட்டினால் ஸ்டீயரிங் வளையம் கோணலாக நிற்கும், ஒரு பக்கம் திரும்புவதும் குறையும்.

நட்டைக் கழற்றும்போது ஸ்டீயரிங்கை ஓரம்வரை திருப்பி முட்டவைத்து, அந்த முட்டலில் பலம் போடாதீர்கள். அந்தப் பலம் முழுக்கப் பாக்ஸுக்குள் இருக்கும் பற்களின் தலையில் விழும். ஆர்மையே ஒரு கம்பியால் சேசிஸில் முட்டுக் கொடுத்துப் பிடியுங்கள். பிறகு நீளமான கைப்பிடியோடு சாக்கெட்.

நட்டைத் தண்டின் நுனியோடு சமமாக வரும்வரை மட்டும் தளர்த்திவிட்டு, பிட்மேனுக்கென்றே செய்த புல்லரை மாட்டுங்கள். சாதாரண மூன்று கால் புல்லர் நழுவும். இறுக்கியதும் ஆர்மின் கண்ணுக்குப் பக்கவாட்டில் அடி. இங்கும் அண்டை சுத்தியல் வேண்டும், இல்லாவிட்டால் அடி பேரிங்குக்குப் போகும். தண்டின் நுனியில் சுத்தியல் படக் கூடாது, ஒரு தடவைகூட. இன்னும் அசையாவிட்டால் புல்லரை இறுக்கமாக விட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். சில சமயம் திரும்பி வருவதற்குள் ஆர்ம் தரையில் கிடக்கும், யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

சூடு வேண்டுமென்றால் ஆர்மின் வெளிவிளிம்பில் மட்டும், லேசாக. மேலே ஆயில் சீல் இருக்கிறது, அது வெந்தால் பாக்ஸ் ஒழுகத் தொடங்கும். இடம் நெருக்கமாக இருக்கும் வண்டிகளில் ஆர்மோடு சேர்த்துப் பாக்ஸையே இறக்கி மேசையில் வைத்துக் கழற்றுவது சுலபம், கீழே படுத்துப் போராடுவதைவிட.

போல்ட் சுற்றுகிறது, வெளியே வரவில்லை

ஐட்லர் ஆர்மையும் ஸ்டீயரிங் பாக்ஸையும் சேசிஸோடு பிடிக்கும் நீளமான போல்ட்டுகளின் குணம் இது. நட்டு வந்துவிடும், போல்ட்டின் உடம்பு சேசிஸுக்குள் இருக்கும் குழாயோடு ஒட்டியிருக்கும். எண்ணெயை இரண்டு பக்கமிருந்தும் விடுங்கள். பழைய நட்டைப் போல்ட் நுனியோடு சமமாகத் திருகி, அதன் மேல் அடியுங்கள், மரை பிழைக்கும். முன்னும் பின்னும் சுற்றிக்கொண்டே அடித்தால் மெல்ல நகரும். போல்ட்டின் தலை அறுந்துவிட்டால் பயப்பட வேண்டாம், உடம்பை வெளியே தள்ளுவது அப்போது சுலபமாகிவிடுகிறது. சேசிஸுக்குள் நட்டை வெல்டிங் செய்து வைத்திருந்து அதில் போல்ட் அறுந்தால்தான் தொந்தரவு. மீதித் துண்டின் மேல் புது நட்டை வைத்து வெல்டிங் அடித்து, அந்தச் சூடு ஆறும் முன் திருப்புவது நல்ல ஒர்க்‌ஷாப் போர்மேன்கள் செய்யும் வழி. கையில் வெல்டிங் இல்லாதவர் அதை அவரிடமே விடலாம்.

பாக்ஸ் இறங்கியதும் சேசிஸில் அது உட்கார்ந்த இடத்தைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். பெரிய டயர் போட்டுத் தோட்டச் சாலையில் ஓடிய பழைய ஃபோர் வீல்களில் அங்கே வெடிப்பு விழுவது உண்டு. துரு கோடாகத் தெரியும் இடம் பெரும்பாலும் வெடிப்புதான்.

ஸ்டீயரிங் தண்டின் மூட்டு உருவவில்லை

பாக்ஸின் மேல்தண்டில் ஏறியிருக்கும் மூட்டை ஒரு போல்ட் கவ்விப் பிடிக்கும். அதைத் தளர்த்தினால் போதாது, முழுதாக வெளியே எடுக்க வேண்டும். போல்ட்டின் உடம்பு தண்டில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். இதைத் தெரியாமல் இழுத்துக் கை வலித்தவர்கள் ஏராளம். எடுத்த பிறகு வெட்டை உளியால் லேசாக விரித்து, மூட்டை மேல்நோக்கித் தட்டுங்கள். கீழ்நோக்கி அடிப்பது பாக்ஸின் பேரிங்கை அடிப்பதுதான். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் மூட்டுக் கழன்றிருக்கும்போது ஸ்டீயரிங் வளையம் சுற்றாமல் சீட் பெல்ட்டால் கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சுருள் கேபிள் அறுந்துவிடும்.

திரும்பப் போடும்போது

ஹாஃப் கட் கடையில் பிட்மேன் ஆர்ம், நக்கிள் ஆர்ம் பழையது வாங்கலாம், துளை நீள்வட்டமாகாமல் இருந்தால் சரி. டை ராட் எண்டும் ஐட்லரும் பழையது வாங்காதீர்கள், நம் வண்டியில் இருப்பதே பழையதுதானே. 555 என்ற ஜப்பான் பிராண்டு தெலுக் இந்தான் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம்.

கூம்பில் கிரீஸ் தடவாதீர்கள். அது சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும், பிடியே அங்கேதான். கிரீஸோ ஆன்டி சீஸோ (மரை இறுகாமல் தடுக்கும் பசை) குழாயின் உள் மரைக்கும் நீள போல்ட்டுகளின் உடம்புக்கும். நட்டை மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கிய பிறகு கோட்டர் பின் துளை ஒத்துவராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கித் துளையைப் பிடியுங்கள், தளர்த்திப் பிடிக்காதீர்கள். பின் எப்போதும் புதியது.

எழுதிவைத்த நீளத்துக்கு டை ராடை அமைத்து, மெதுவாக ஓட்டி அலைன்மென்ட் கடைக்குப் போங்கள். புஸ்பாகோம் வாகனச் சோதனைக்குப் போக வேண்டிய வண்டி என்றால் அலைன்மென்ட் முடிந்த பிறகு தேதி எடுங்கள். தோட்டச் சாலையில் சில நாள் ஓடியதும் எல்லா நட்டையும் ஒரு தடவை சாவி வைத்துப் பாருங்கள். அதன் பிறகு உரம் ஏற்றிய ஒவ்வொரு நாளும் அடிப்பக்கம் நல்ல தண்ணீரில் கழுவுவதும், நிப்பிள் உள்ள மூட்டுகளுக்குக் கிரீஸ் அடிப்பதும்தான் வேலை. கிரீஸ் பம்ப் அடிக்கும்போது ரப்பர் கவர் லேசாக உப்பியதும் நிறுத்திவிடுங்கள். வெடிக்கும்வரை அடித்தால் அடுத்த மழையில் சேறு உள்ளே போகும்.